பணியில் இறந்த காவலருக்காக அறக்கட்டளை: ஒரு பழைய ரைட்டர் சொல்லும் வழி

என் சர்வீஸில் பாதிக்கு மேல் ஸ்டேஷன் ரைட்டர், அதாவது காவல் நிலையத்தில் பதிவேடு எழுதும் காவலர் வேலைதான். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என்று சுற்றிவிட்டு எஸ்.எஸ்.ஐ.யாக (சிறப்பு உதவி ஆய்வாளர்) ஓய்வு பெற்றேன். இப்போது தருமபுரியில் என்னைப் போன்ற சிலர் சேர்ந்து, பணியின்போது இறந்த காவலர்களை நினைவுகூரவும் அவர்கள் குடும்பத்துக்குத் துணை நிற்கவும் ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிறோம். ஓசூர், ஊத்தங்கரை பக்கமிருந்தெல்லாம் "நாங்களும் ஆரம்பிக்கணும் சார், எப்படி?" என்று போன் வருகிறது. ஒவ்வொருவருக்கும் சொல்வதை இங்கே எழுதிவிடுகிறேன். ரைட்டர் புத்தி, காகிதத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அரசு செய்வதையே நீங்களும் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள். 1959-ல் அதே தேதியில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படை சுட்டதில் நம் காவலர் பத்துப் பேர் இறந்தார்கள்; மறு ஆண்டு ஜனவரியில் கூடிய காவல் துறைத் தலைவர்கள் மாநாடு அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது. முந்தைய ஆண்டு செப்டம்பர் 1 முதல் அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 வரை நாடு முழுக்க இறந்தவர்களின் பெயரை அன்று வாசிப்பார்கள். ஆயுதப்படை மைதானத்தில் மலர்வளையம், துப்பாக்கி முழக்கம், பியூகிள் எல்லாம் முறையாக நடக்கும். டெல்லி சாணக்யபுரியில் 2018-ல் திறந்த தேசிய காவலர் நினைவிடத்தில் 238 டன் எடையில் முப்பது அடிக் கல் நிற்கிறது, பெயர்கள் பொறித்த சுவரும் இருக்கிறது. நாம் அதற்குமேல் என்ன செய்துவிடப் போகிறோம்?

இறந்த அன்று அமைச்சர் வருவார், எஸ்.பி. வருவார், நிவாரணத் தொகை அறிவிப்பார்கள். அடுத்த ஆண்டு அக்டோபர் 21-க்குக் குடும்பத்தை அழைப்பார்கள். மூன்றாம் ஆண்டில் பையன் பத்தாம் வகுப்புக்கு வந்திருப்பான், ஸ்டேஷனில் இருந்தவர்கள் எல்லாரும் டிரான்ஸ்பரில் போயிருப்பார்கள், யாரிடம் போய்க் கேட்பது என்று இறந்தவரின் மனைவிக்குத் தெரியாது. உங்கள் அறக்கட்டளைக்கு வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

யார் பெயரைச் சேர்ப்பது

பத்திரம் எழுதும் முன்பே இதை உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். பிறகு பேசினால் சண்டைதான் வரும்.

2016 ஜூனில் ஓசூரில் சங்கிலிப் பறிப்புக் கும்பலைப் பிடிக்கப்போன தலைமைக் காவலர் ஒருவர் குத்துப்பட்டு இறந்தார். 1980 ஆகஸ்டில் திருப்பத்தூரில் ஆய்வாளர் பழனிச்சாமியும் மூன்று காவலர்களும் வெடிகுண்டுக்குப் பலியானார்கள். இவர்களைப் பற்றி யாருக்கும் கேள்வி இருக்காது. ஆனால் பந்தோபஸ்து முடிந்து பைக்கில் வீடு திரும்பும்போது லாரி மோதி இறந்தவர்? தொடர்ந்து இரவு ரோந்து பார்த்து, காலையில் குவார்ட்டர்ஸில் மாரடைப்பில் போனவர்? நான் பார்த்தவரை துப்பாக்கியும் கத்தியும் கொன்றதைவிட நெடுஞ்சாலை கொன்ற காவலர்கள்தான் அதிகம். தொப்பூர் கணவாயில் விபத்து நடந்த இடத்தில் போக்குவரத்தைச் சரிசெய்து நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அடுத்து, சீருடை இல்லாதவர்கள். 1993 ஏப்ரல் 9-ல் பாலாற்றில் வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் இறந்த 22 பேரில் எல்லாருமே காவலர்கள் என்று சொல்ல முடியாது. வனத் துறையினரும், வழிகாட்ட, தகவல் சொல்ல வந்தவர்களும் அதில் உண்டு. ஊர்க்காவல் படையினர், ஸ்டேஷன் ஜீப் ஓட்டிய தற்காலிக டிரைவர் எல்லாரையும் என்ன செய்வது?

எங்கள் முடிவு இது: காவல் பணியின் காரணமாக இறந்த யாரும், சீருடை இருந்தாலும் இல்லாவிட்டாலும். தற்கொலை செய்துகொண்டவர் பெயரைக் கல்வெட்டில் சேர்ப்பது பற்றி எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆனால் அவர் பிள்ளைக்குப் படிப்புச் செலவு கொடுப்பதில் கருத்து வேறுபாடே கிடையாது. நினைவுப் பட்டியலையும் உதவிப் பட்டியலையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும்.

பத்திரம், பதிவு, பணம்

சங்கமாகப் பதிவு செய்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு, மாவட்டப் பதிவாளருக்கு அறிக்கை என்று வேலை உண்டு. அறக்கட்டளை என்றால் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடலாம், இரண்டு மூன்று பேரே போதும். ஆள் குறைவாக, நம்பிக்கையானவர்களாக இருந்தால் அறக்கட்டளைதான் நல்லது என்பேன்.

பத்திர எழுத்தரிடம் போனால் கணினியில் இருக்கும் பழைய மாதிரியில் பெயரை மட்டும் மாற்றித் தருவார். அதில் கோயில் திருப்பணி முதல் பால்பண்ணை வரை நோக்கங்கள் இருக்கும். வேண்டாம். உங்கள் நோக்கத்தை நாலு வரியில் நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். "எங்கள் பேட்ச் ஆட்களுக்கு மட்டும்" என்று எழுதினால் அது பொது அறமாகாது, உறுப்பினர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் உதவியாகிவிடும். வரிவிலக்கு கேட்கும்போது ஆடிட்டர் தலையில் கைவைப்பார். சாதி, மதம் பார்க்கும் சொல் ஒன்றுகூட வரக்கூடாது. அறங்காவலர் யாராவது இறந்தால் அடுத்தவர் எப்படி வருவார், வங்கிக் கணக்கில் எந்த இருவர் கையெழுத்து, அறக்கட்டளையை மூடினால் மீதிப் பணம் இதே மாதிரி இன்னோர் அறத்துக்குத்தான் போகும், அறங்காவலரோ அவர் உறவினரோ பலன் பெறக்கூடாது: இந்த நாலும் கட்டாயம் இருக்கட்டும்.

பெயர் வைக்கும்போது அரசு அமைப்பு போலத் தோன்றும் பெயரைத் தவிருங்கள். லெட்டர்பேடில் கோபுரச் சின்னம், அசோகத் தூண், காவல் துறை முத்திரை எதையும் போடாதீர்கள். அரசுச் சின்னங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 1950-ம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அதைவிட முக்கியம், கடைக்காரரிடம் அந்த லெட்டர்பேடை நீட்டினால் அவர் நன்கொடை கொடுக்கிறாரா, மாமூல் கொடுக்கிறாரா என்று அவருக்கே தெரியாமல் போய்விடும். அதே காரணத்துக்காகத்தான் பணியில் இருப்பவர்களை அறங்காவலராகப் போடாதீர்கள் என்கிறேன். அவர்கள் வசூலில் இறங்கினால் நடத்தை விதிப்படி துறை அனுமதி தேவைப்படும். அனுமதியே இருந்தாலும் ஸ்டேஷனில் புகாரோடு நிற்கிறவரிடம் ரசீது புத்தகத்தைக் காட்டுவது அழகில்லை.

பதிவு முடிந்ததும் அறக்கட்டளைப் பெயரில் பான் கார்டு, அப்புறம் வங்கிக் கணக்கு, அப்புறம் வருமான வரித் துறையில் பதிவு. இத்தனை நாள் 12ஏபி (அறக்கட்டளைக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை) என்று சொல்லிப் பழகிய பிரிவு எண்கள், 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வரும் புதிய வருமான வரிச் சட்டத்தில் மாறுகின்றன. படிவத்தை ஆடிட்டர் பார்த்துக்கொள்ளட்டும். உங்களுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு வரிச் சலுகை கிடைக்காது. வெளிநாட்டில் குடியுரிமை வாங்கிவிட்ட உறவினர் அனுப்பும் பணத்தை, வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இல்லாமல் தொடவே கூடாது. நாங்கள் ரொக்கமே வாங்குவதில்லை. கியூஆர் கோடு அட்டை ஒன்று, அவ்வளவுதான்.

ஒரே ஆண்டில் தேர்வான பேட்ச் காவலர்கள் வாட்ஸ்அப், டெலிகிராமில் சேர்ந்து ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் போட்டு, இறந்த நண்பன் வீட்டுக்குச் சில லட்சங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது இப்போது நம் மாநிலம் முழுக்க நடக்கிறது. அருமையான காரியம், அதோடு போட்டிபோட வேண்டாம். அவர்கள் கொடுப்பது ஒருமுறை கிடைக்கும் பெரிய தொகை. நீங்கள் கொடுக்க வேண்டியது பிள்ளையின் படிப்புக்கு வருஷா வருஷம் ஜூனில் வரும் சின்னத் தொகை.

குடும்பத்துக்கு முதலில் காகிதம்

காரிமங்கலம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். கணவர் இறந்து சில மாதம் ஆகியிருந்தது. அந்தத் தங்கச்சி உள்ளே போய் நகைக்கடை மஞ்சள் பை ஒன்றை எடுத்துவந்து பாயில் கொட்டியது. "அண்ணா, எது வேணும் எது வேண்டாம்னு எனக்குத் தெரியல. நீங்களே பாருங்க." சம்பளச் சீட்டு, பழைய பந்தோபஸ்து பாஸ்போர்ட் (வெளியூர் டூட்டிக்கு அனுப்பும்போது ஸ்டேஷனில் தரும் சீட்டு), எல்.ஐ.சி. பத்திரம், தவணை கட்டிய ரசீது, ரேஷன் கார்டு, மடித்து மடித்துக் கிழிந்த இறப்புச் சான்றிதழ். அத்தனைக்கும் அடியில் சம்பளக் கணக்குப் பாஸ்புக். அதைத்தான் முதலில் எடுத்தேன். காவலர்களின் சம்பளக் கணக்கோடு விபத்துக் காப்பீடும் சேர்த்துத் தரும் வங்கிகள் உண்டு. வீட்டில் யாருக்கும் அது தெரிந்திருக்காது, வங்கியும் தானாக வந்து சொல்லாது. கிளைக்குப் போய் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். வாயால் "இல்லீங்க" என்று ஒருவர் சொன்னதை நம்பித் திரும்பாதீர்கள்.

எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு ஃபைல் வாங்கிக்கொண்டு போய், இவற்றை அடுக்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள். இறப்புச் சான்றிதழ் ஐந்தாறு நகல். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை. இவற்றோடு, பெரும்பாலும் விட்டுப்போகும் ஒரு காகிதம்: ஸ்டேஷன் பொது நாட்குறிப்பின் நகல். நாங்கள் ஜி.டி. என்போம். எத்தனை மணிக்கு, எந்த வேலைக்கு அவர் புறப்பட்டார் என்று ரைட்டர் அதில் ஒரு வரி எழுதியிருப்பார். அவர் பணியில்தான் இறந்தார் என்பதற்கு நாளை எந்த மேசையிலும் பேசப்போவது அந்த ஒரு வரிதான். சீக்கிரம் கேட்டு வாங்குங்கள். ரைட்டர் மாறிவிட்டால், பழைய ஜி.டி.யை ரெக்கார்ட் அறையில் தேடி எடுப்பது லேசு இல்லை.

தேதிகளை ஃபைல் அட்டையிலேயே பெரிதாக எழுதுங்கள். கருணை அடிப்படையில் வேலை கேட்பதற்கு இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. துக்கத்தில் ஓர் ஆண்டு, மகளுக்கா மனைவிக்கா என்று யோசிப்பதில் ஓர் ஆண்டு போய்விடும். மூன்றாம் ஆண்டு எப்படிப் போனதென்றே தெரியாது. வாகன விபத்து என்றால் இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள், 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த திருத்தம் அதைத்தான் சொல்கிறது. அவர் 2003 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ பணியில் சேர்ந்தவரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பங்களிப்பு ஓய்வூதியத்தில் இருந்தவர் என்றால் மனுவும் வேறு, மேசையும் வேறு.

இனிஷியல் தகராறு ஒன்று நிச்சயம் வரும். பணிப்பதிவேட்டில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து, மனைவியின் ரேஷன் கார்டில் மூன்றாவது. எல்லா மனுவையும் போடும் முன்பே இதைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வோர் அலுவலகத்திலும் தனித்தனியாகத் திருப்பி அனுப்புவார்கள்.

இன்னொன்று கொஞ்சம் சங்கடமானது. கல்யாணத்துக்கு முன் பணியில் சேர்ந்தவர் நாமினியாக அம்மா பெயரைக் கொடுத்திருப்பார், அதற்கப்புறம் மாற்றியிருக்க மாட்டார். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் அந்த ஒரு பெயர் நிற்கும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய், மனைவி, பிள்ளைகள் எல்லாருக்குமே பங்கு உண்டு. நீங்கள் பஞ்சாயத்துக்கு உட்காராதீர்கள். "அம்மா, இது நாங்க தீர்க்கிற விஷயம் இல்ல" என்று சொல்லி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துப்போங்கள். பெண்களுக்கு அங்கே இலவசமாகவே வக்கீல் கிடைப்பார். உங்கள் பணத்தை மட்டும் இரண்டு பேர் கையிலும் கொடுக்காமல், பள்ளிக்கோ கல்லூரிக்கோ நேராகக் கட்டி, ரசீதைக் குடும்பத்துக்குக் கொடுங்கள். பிள்ளை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகிறது என்றால் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பணியில் இருக்கும் தம்பிகள் இதைப் படித்தால், நாளைக்கே ஆபீஸில் போய் உங்கள் நாமினி யார் என்று பாருங்கள்.

கல் வைப்பது

ஆசை இங்கேதான் எல்லோருக்கும். 1984 ஏப்ரலில் லண்டனில் லிபியத் தூதரகத்தின் முன் பணியில் இருந்த இவான் பிளெட்சர் என்ற பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். மைக்கேல் வின்னர் என்ற திரைப்பட இயக்குநர் முன்னின்று அறக்கட்டளை தொடங்க, மறு ஆண்டே அவர் விழுந்த இடத்தில் ஒரு சின்ன நினைவுக்கல் வந்தது. விழுந்த இடத்திலேயே கல் என்பதுதான் அந்த அறக்கட்டளையின் வழக்கம். நல்ல யோசனைதான். ஆனால் நம் ஊரில் அவர் விழுந்த இடம் பெரும்பாலும் நான்குவழிச் சாலையாக இருக்கும். பொதுச் சாலை, நடைபாதைகளில் சிலையோ கட்டுமானமோ வைக்க அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் சொல்லிவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக வைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். காவலருக்கு வைக்கும் கல்லே ஆக்கிரமிப்பாக இருக்கலாமா? அவர் படித்த பள்ளி, ஊரில் குடும்பத்தின் பட்டா நிலம், எஸ்.பி. அனுமதி கொடுத்தால் ஸ்டேஷன் வளாகம்: இவற்றில் ஒன்றைப் பாருங்கள். நான் பள்ளியைத்தான் சொல்வேன். அவரைத் தெரியாத பிள்ளைகள் தினமும் படிப்பார்கள்.

என்ன எழுதுவது? "மாவீரன்", "தியாகச் சுடர்" என்று ஆரம்பித்து, நன்கொடை கொடுத்தவர் பட்டியலில் முடியும் கற்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இறந்தவர் என்ன செய்தார் என்று மட்டும் இருக்காது. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வைத்திருக்கிறார்கள், ஒருநாள் போய்ப் பாருங்கள். எந்த மன்னன், எத்தனையாவது ஆட்சி ஆண்டு, எந்த ஊர், யார் மகன், மாடு மீட்கையில் பட்டானா புலியோடு குத்திப் பட்டானா, அவன் கல். முடிந்தது. நம் பக்கம் அந்தக் கல்லை வேடியப்பன் என்று இன்னும் கும்பிடுகிறார்கள். அதே முறையில் எழுதுங்கள்: ஊர், பெற்றோர் பெயர், பதவி, அவருடைய காவலர் நம்பர், தேதி, எந்த இடத்தில், என்ன செய்யும்போது. "சாலையில் கவிழ்ந்த லாரியிலிருந்து ஓட்டுநரை மீட்கையில் இறந்தார்" என்ற ஒரு வரிக்கு மேல் அடைமொழி எதற்கு? நம்பர் கட்டாயம் வேண்டும். கூட வேலை பார்த்தவர்களுக்கு ஆளைவிட நம்பர்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும்.

கல்லுக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் பாலிஷ் போடும் பட்டறைகள் இருக்கின்றன. ஒரே நிறக் கருங்கல்லாக எடுங்கள். பூப்பூவாக ஓடும் கல் வீட்டுத் தரைக்கு அழகு, எழுத்து அதில் எடுபடாது. தங்க பெயிண்ட் வெயிலில் சீக்கிரம் உரிந்துவிடும், எழுத்தை ஆழமாக வெட்டச் சொல்லி வெள்ளை அடித்தால் போதும். வெட்டும் முன் ஸ்டென்சில் தாளைக் குடும்பத்தில் ஒருவர் படித்துக் கையெழுத்துப் போடட்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற குடும்பம் என்றால், அந்த எழுத்திலும் ஒரு வரி வேண்டுமா என்று கேளுங்கள்.

நினைவு நாளன்று

அக்டோபர் 21 துறையின் நாள், அதை விட்டுவிடுங்கள். அவரவர் இறந்த தேதியில் போங்கள். ஷாமியானா, மைக் செட், பிளக்ஸ் எதுவும் வேண்டாம். பெரிய அட்டையில் காசோலை அச்சடித்து, இறந்தவரின் மனைவியை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அதை எங்கள் தீர்மானப் புத்தகத்திலேயே தடை செய்திருக்கிறோம். பொன்னாடையும் கிடையாது. கூட வேலை பார்த்தவர்களில் இருவரை அழைத்துவந்து, அவரைப் பற்றிப் பிள்ளைகளுக்குத் தெரியாத ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு ஏட்டையா, "உங்கப்பா தேன்கனிக்கோட்டையில யானை விரட்டப் போய், எங்க எல்லாருக்கும் முன்னாடி ஓடி வந்து ஜீப்ல ஏறுனவர்" என்று சொன்னபோது பையன் சிரித்த சிரிப்பு, எந்த வீரவணக்க உரைக்கும் வராது.

சில வீடுகளில் "எங்களுக்குக் கல்லும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம்" என்பார்கள். மறுமணம் செய்துகொண்ட பெண்கள் இருக்கிறார்கள், புதுக் குடும்பத்தில் இதைப் பேச விரும்ப மாட்டார்கள். ஏன் என்று கேட்காதீர்கள். நினைவுப் பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே "குடும்பம் விரும்பவில்லை" என்று பென்சிலில் குறித்து வையுங்கள், மனம் மாறினால் அழிக்க வசதியாக இருக்கும். உதவிப் பட்டியலில் பிள்ளையின் பெயர் அப்படியே இருக்கட்டும், ஜூன் மாதக் கட்டணம் போய்ச் சேரட்டும்.